ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு படங்கள்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் பெரியப்பா மகனுக்கு ஒதுக்கிய பக்கத்தில் ஒன்றரை வரி மட்டுமே இருந்தது. பிறந்த தேதி, மணமான தேதி, பிறகு என் தந்தையின் கையெழுத்தில் "கட்டடங்களைப் படம் பிடிப்பவர்" என்ற குறிப்பு. அதன் கீழே இறந்த தேதியை நான் எழுதினேன். எழுதிய பிறகு பேனாவை மூடி வைக்க மனம் வரவில்லை. அவரைப் பற்றி உறவினர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து ஒன்பது பேர் செத்ததற்கு அவர் எடுத்த படமே காரணம் என்கிறது ஒரு தரப்பு. படத்தால் எந்தச் சுவராவது விழுமா என்று கேட்கிறது மறு தரப்பு. இரு தரப்பிலும் காகிதங்களைப் படித்தவர் எவரும் இல்லை. நான் படித்திருக்கிறேன். விசாரணை அறிக்கையின் நகலும், அவருடைய குறிப்பேட்டிலிருந்து வரிக்கு வரி நான் கையால் எடுத்த படியும் என்னிடம் உள்ளன. அவருடைய பங்கு எவ்வளவோ அவ்வளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் இங்கே எழுத முயல்கிறேன். இனி அவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்; நேரிலும் அப்படித்தான் அழைத்தேன்.

அண்ணன் தொழில் கற்றது ஒரு சாதாரண ஸ்டுடியோவில். மனிதர்களைப் படமெடுப்பது அவருக்குக் கைவரவில்லை. ஒரு திருமணத்தில், மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் தூண் சாய்வாகத் தெரிகிறது என்று சொல்லி, மாப்பிள்ளையை அப்படியே நிற்கச் செய்துவிட்டு, தூணைச் சுற்றிச் சுற்றி வந்து அரைமணி நேரம் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையின் மாமா பொறுமை இழந்து, "தம்பி, பொண்ணைக் கட்டிக்கப் போறது எங்க பையன். தூணைக் கட்டிக்கப் போறது நீங்கதான் போல," என்றாராம். அந்த வாரமே முதலாளி அவரைக் கடை, கிடங்கு, அலுவலகம் முதலியவற்றைப் படமெடுக்க அனுப்பத் தொடங்கினார். அதன் பிறகு அவர் வேறு எதையும் எடுக்கவில்லை.

அவரிடம் இருந்தது மடிப்புத் துருத்தி வைத்த பெரிய பெட்டிக் கேமரா. பின்புறம் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள் கீறியிருக்கும். கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரே இருப்பது அந்தக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும். நான் ஒருமுறை துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் கவிழ்ந்து கிடக்கிறதே என்றேன்.

"கவுந்து கிடந்தாதான் கட்டடம் தெரியும்," என்றார். "நிமிந்து இருந்தா பேங்க்கு, ஆஸ்பத்திரி, கமிஷன் மண்டினு போர்டுதான் தெரியும்."

ஒரு கட்டடத்தைப் படமெடுக்கும் முன் மூன்று முறை வெறும் கையோடு போவார். முதல் முறை சுற்றி நடப்பார். இரண்டாம் முறை எதிரே ஓரிடத்தில் உட்கார்ந்து வெயில் நகர்வதைப் பார்ப்பார். மூன்றாம் முறை, எதிரில் எங்கே நின்றால் அந்தக் கட்டடம் தான் நிற்க விரும்பியபடி நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து, விளக்குக் கம்பத்திலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ அவ்விடம் எத்தனை அடி தொலைவு என்று அளந்து குறிப்பேட்டில் எழுதுவார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அப்படி ஓரிடம் உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. ஆட்கள் நடமாடும்வரை படம் எடுக்க மாட்டார். வாசலில் யாராவது நின்று பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் போகும்வரை துணிக்குள்ளேயே காத்திருப்பார். அவருடைய அலமாரியில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் மனிதர் ஒருவரும் இல்லை. வீடுகள் இருக்கின்றன, குடியிருப்பவர்கள் இல்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. சுவரின் விளிம்பு கண்ணாடிக் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். உயரமான கட்டடத்தைப் பார்க்கக் கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்கள் மேலே போகப் போகக் குவிந்துவிடும். அதைத் தவிர்க்க, கேமராவை நேராகவே நிறுத்தி, லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே உயர்த்துவார். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைப் போலச் சிறியதொன்றை ஸ்டாண்டின் தலையில் திருகியிருந்தார். குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நின்றால் மட்டம் சரி. இதைப் பார்த்த மேஸ்திரி ஒருவர் "ரசமட்டம் சார் வர்றாரு, சாரத்துல நிக்கிறவன்லாம் நேரா நில்லுங்கடா" என்று ஒருநாள் கத்தியதிலிருந்து ஊரில் அவருக்கு அதுவே பெயரானது. வீட்டில் அண்ணியும் கோபம் வந்தால் அப்படித்தான் சொல்வார்.

இப்போது அந்தக் குடியிருப்புக்கு வருகிறேன். எட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த நான்கு மாடிக் கட்டடம். கட்டி முடித்தவுடன் உரிமையாளர் அண்ணனை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னார். குறிப்பேட்டில் அந்நாளின் பதிவு: "விளக்குக் கம்பத்திலிருந்து நாற்பத்தோரு அடி. காலை வெயில். மட்டமும் சுவரும் ஒத்துப் போகின்றன. நல்ல வீடு." நல்ல வீடு என்று அவர் எழுதியது அந்தக் குறிப்பேட்டில் நான்கு இடங்களில் மட்டுமே. அந்த மதிப்பை வைத்துத்தான், அவருடைய சொந்தத் தங்கைக்கு, அதாவது கணவரை இழந்து தனியே இருந்த என் அக்காவுக்கு, மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை அவரே முன்னின்று பேசி வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்துப் பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்காக ஆழமாகத் தோண்டினார்கள். தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி நின்றது. சில வாரங்களில் குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில் விரிசல் கண்டது. இரண்டாம் மாடியில் கதவு ஒன்று மூட முடியாமல் முட்டியது. குடியிருந்தவர்கள் சேர்ந்து நகராட்சிப் பொறியாளருக்கு மனு எழுதினார்கள். அக்காவும் கையெழுத்திட்டார். உரிமையாளர் அண்ணனை மறுபடி அழைத்தது அதற்குப் பிறகுதான். மனுவைப் பற்றி அவர் அண்ணனிடம் சொல்லவில்லை. பழைய படம் எடுத்த அதே இடத்திலிருந்து இன்னொன்று வேண்டும், காலி வீடு ஒன்றை வாடகைக்கு விட விளம்பரம் செய்யப் போகிறேன் என்றார். விரிசலைப் பற்றி அக்கா அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தார். பூச்சு வெடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை அவரே விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

அதே நாற்பத்தோரு அடியில் கேமராவை நிறுத்தினார். மட்டத்தைப் பார்த்தார், குமிழி நடுவில் நின்றது. துணிக்குள் போய்ப் பார்த்தால், சுவரின் விளிம்பு கண்ணாடிக் கோட்டை விட்டுச் சற்றே விலகியிருந்தது. இந்த இடத்தில் வேறு எந்தப் படக்காரராக இருந்தாலும் ஒருகணம் தயங்கியிருப்பார். அண்ணன் தயங்கவில்லை. அவருக்குத் தெரிந்த கட்டடம் அது. அவர் நல்ல வீடு என்று எழுதிய கட்டடம். எனவே தவறு கருவியிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, சுவர் கோட்டோடு ஒட்டும்வரை கேமராவைச் சாய்த்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. படத்தின் வலது ஓரத்தில், இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து யாரோ கூடையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தும் அந்தக் கை உள்ளே போகவில்லை, வெயிலும் நகர்ந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டார். அன்றைய பதிவு முழுவதும் இதுதான்: "ரசமட்டம் பழுது, மாற்ற வேண்டும். கயிறு சாய்வு, காற்று. வலப்பக்கம் வெட்டவும்."

அச்சிடும்போது அந்த ஓரத்தை வெட்டினார். இரண்டு படங்களிலும் வீடு ஒரே மாதிரி, நேராக நின்றது. உரிமையாளர் இரண்டையும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தேதி எழுதி, மாடிப்படியின் கீழே அருகருகே மாட்டினார். ஒரு பிரதியைப் பொறியாளருக்கு அனுப்பினார். ஆறு ஆண்டில் ஒரு விரல்கடை அளவும் நகரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்ற கடிதத்தோடு. பொறியாளர் நேரில் வந்து பார்ப்பதை இரண்டு மாதம் தள்ளி வைத்தார்.

அக்கா அண்ணன் வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார். அப்போது நானும் இருந்தேன்.

"அண்ணா, மாடிப்படில மாட்டியிருக்கிறது நீ எடுத்த படமா?"

"ஆமா."

"அப்ப வீடு நகரலையா? எனக்கு நடக்கும்போது கால் ஒரு பக்கமா போற மாதிரி இருக்கு."

"உனக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு."

"விளையாடாத. அங்க எல்லாரும் உன் படத்தப் பாத்துட்டுதான் சும்மா இருக்காங்க."

அண்ணன் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் துணிக்குள்ள தலைய விட்டு என் கண்ணால பாத்தேன். சுவர் கோட்டுல ஒட்டி நிக்குது. போதுமா?"

போதும் என்று அக்கா போய்விட்டார். அண்ணன் அன்று சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சுவர் கோட்டில் ஒட்டித்தான் நின்றது.

பதினேழு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, புது ரசமட்டம் வாங்க அண்ணன் கருவிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பழையதையும் புதியதையும் கண்ணாடி மேசைமேல் அருகருகே வைத்தார். இரண்டு குமிழிகளும் ஒரே இடத்தில் நின்றன. திருப்பி வைத்தார். அப்போதும் ஒரே இடம்.

"இதுல என்ன சார் பழுது? என்கிட்ட இருக்கிற புதுசவிட இது நல்லா பேசுது."

"இல்ல, அன்னைக்கு ஓரத்துக்குப் போச்சு."

"அப்ப நீங்க வச்ச இடம் சாய்வா இருந்திருக்கும். மட்டத்துக்கு யாரு சொந்தக்காரங்க, யாரு அந்நியம்னு தெரியுமா? உள்ளதச் சொல்லிட்டுப் போயிடும்."

கடைக்காரர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அண்ணன் பழைய மட்டத்தை எடுத்துக்கொண்டு, புதியதை வாங்காமல், குடையைக் கடையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வெட்டாத நெகட்டிவை விளக்குப் பெட்டிமேல் வைத்து, உருப்பெருக்கியால் கயிற்றைப் பார்த்தார். காற்றில் ஆடும் கயிறு வளையும். அடியில் கட்டிய கூடை ஒதுங்கும். இது கனமான கூடையோடு விறைப்பாக, ஒரு வளைவும் இல்லாமல் தொங்கியது. அளவுகோலை வைத்துப் பார்த்தார். கயிறு நேர், வீடுதான் சாய்ந்திருந்தது. உச்சியில் ஏறக்குறைய ஒரு சாண். விசாரணையில் பொறியாளர்கள் கணக்கிட்டதும் அதுவே.

உடனே அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். அண்ணி அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறார்.

"அடுப்ப அணைச்சுட்டு வெளிய வா. எதையும் எடுக்காத."

"என்ன அண்ணா, யாருக்கு என்ன?"

"வீடு சாஞ்சிருக்கு. நான் தப்பா எடுத்துட்டேன். வர்ற வழில எல்லார் கதவையும் தட்டிச் சொல்லிட்டு வா."

பிறகு நெகட்டிவை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். பொறியாளர் வெளியே போயிருந்தார். மூன்று மணிவரை மரப் பலகையில் காத்திருந்தார். வந்த பொறியாளர் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இத்தனை நாளா நேரா இருக்குன்னு படம் கொடுத்தீங்க, இன்னைக்குக் கோணலா இருக்குன்னு படம் கொடுக்குறீங்க. ரெண்டும் ஒரே படம்னும் சொல்றீங்க. நான் எதை ஃபைல்ல வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் விளக்கினார். நாளைக் காலை பத்தரைக்கு நேரில் வருகிறேன் என்று பொறியாளர் எழுதிக்கொண்டார். ஆட்களை வெளியேற்றச் சொல்லி உத்தரவு எதுவும் இடவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அண்ணன் குடியிருப்புக்குப் போனார். அக்கா வாசலில் ஒரு பையோடு நின்றிருந்தார். கதவு கதவாகத் தட்டியும், அதுவரை ஒரே ஒரு குடும்பம்தான் கிளம்பியிருந்தது. அண்ணன் மாடிப்படியின் கீழே தன் இரண்டு படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, இவை தவறு என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். படங்களைக் கழற்றப் போனபோது காவலாளி கையைப் பிடித்தார்.

"சார், அது ஓனர் பொருள்."

"நான் எடுத்த படம்ப்பா."

"எடுத்தது நீங்க. மாட்டினது அவரு. ஆணிகூட அவருது."

இரண்டாம் மாடியில் தையற்காரப் பெண்மணி குடியிருந்தார். அவருடைய கணவருக்கு இரண்டு கால்களும் விளங்காது. கட்டிலை விட்டு எழுப்ப இருவர் வேண்டும். ஒரே மகள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தாள். அந்தக் கூடையும் கயிறும் இந்த வீட்டுடையவை. கணவரைத் தனியே விட்டுப் படியிறங்க முடியாததால், தைத்த துணியை அவர் கூடையில்தான் இறக்குவார். அண்ணனைப் பார்த்ததும் அவர் தையல் இயந்திரத்தை விட்டு எழவில்லை.

"வாங்க ரசமட்டம் சார். உங்க தங்கச்சி மத்தியானமே வந்து சொன்னாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்தது."

"சிரிக்காதீங்கம்மா. இன்னைக்கு ராத்திரி வேற எங்கயாவது தங்குங்க. கட்டிலோட தூக்க நான் ஆள் கூட்டிட்டு வரேன்."

"எங்க தங்க? உங்க தங்கச்சிக்கு அண்ணன் வீடு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

"என் வீட்டுக்கே வாங்க."

"நல்லா இருக்கே. உங்க வீட்டம்மா இவருக்கு மலம் அள்ளிப் போடுவாங்களா?" கட்டிலில் கிடந்த கணவர் சங்கடமாகத் திரும்பிக்கொண்டார். "இதப் பாருங்க. ஒண்ணரை மாசத்துக்கு முன்ன இந்தக் கதவு மூட மாட்டேங்குதுன்னு நாந்தான் முதல்ல மனு எழுதச் சொன்னேன். உங்க படத்தக் காட்டி என் வாயை அடைச்சாங்க. சரி, நமக்குத்தான் ஒண்ணும் தெரியலைன்னு தச்சன வரவச்சுக் கதவ இழைச்சுக்கிட்டேன். இப்ப கதவு சரியா மூடுது. நீங்க வந்து வீடு சரியில்லங்கிறீங்க."

"நான் தப்பு பண்ணிட்டேன்."

"தப்பு அன்னைக்கா, இன்னைக்கா? நாளைக்கு இஞ்சினியர் வரட்டும். அவர் வாயால சொன்னா போறேன்."

அண்ணன் ஏழு மணிவரை ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். அக்காவையும் சேர்த்து நான்கு குடும்பங்கள் வெளியேறின. நான்கு குடும்பங்கள் தங்கின. போனவர்களும் தங்கியவர்களும் அன்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள் என்று அக்கா சொன்னார்.

மறுநாள் காலை கட்டடம் விழுந்தது. நேரத்தில் இரண்டு பதிவுகள் வேறுபடுகின்றன: காவல் நிலையத்தில் பத்தேகால், தீயணைப்பு நிலையத்தில் பத்து இருபது. பொறியாளரின் வண்டி அப்போது இரண்டு தெரு தள்ளி வந்துகொண்டிருந்தது. குழி இருந்த பக்கமாகச் சரிந்தது. தையற்காரப் பெண்மணியும் கணவரும் உட்பட ஒன்பது பேர். மகள் வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். அண்ணன் காலை எட்டு மணியிலிருந்து எதிரில் அந்த விளக்குக் கம்பத்தின் அருகில் நின்றிருந்தார். கையில் கேமரா இல்லை. புழுதி அடங்கியபின் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து கல் எடுத்தார். வலது கை நடுவிரல் நசுங்கியது. அது பிறகு மடங்கவே இல்லை.

விசாரணை அமைத்தார்கள். உரிமையாளர் தம் பக்கச் சான்றாக அந்த இரண்டு படங்களைத்தான் கொடுத்தார். அண்ணனிடம் குறிப்பேடு இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அக்கா அப்போது அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அண்ணி, "யாரும் கேக்கல. நீங்களா எதுக்கு எடுத்துக் கொடுக்கணும்? ரசமட்டம் பழுதுன்னு உங்க கையெழுத்துல இருக்கு. அதப் படிச்சா உங்களத்தான் புடிப்பாங்க," என்றார்.

"கொடுத்தாதான் அந்தாளு படம் பொய்னு தெரியும்," என்றார் அண்ணன். "படம் பொய்னு ஆச்சுன்னா அவன் தப்பிக்க முடியாது."

"என்னங்க, படம் அந்தாளுதா? உங்களுதுங்க."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பாமலேயே சொன்னார்: "கொடுத்துடு அண்ணா. தையல்காரம்மா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேதான் கதவ சாத்தினா. அந்தக் கதவு நல்லா சாத்திக்கிச்சு."

நான் குறிப்பேட்டைப் படியெடுத்து முடித்ததும், அண்ணன் அதையும் வெட்டாத நெகட்டிவையும் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். இதைத்தான் குடும்பத்தில் பலர் இன்றுவரை அறிவீனம் என்கிறார்கள். நடந்ததைப் பார்த்தால் அவர்கள் சொல்வதை மறுக்கவும் எனக்கு வழியில்லை. உரிமையாளரின் வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைச் சபையில் உரக்கப் படித்தார். தம் கட்சிக்காரருக்குச் சாய்வு தெரியாது, தெரிய வழியும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள படக்காரரையே அவர் நம்பினார். அந்தப் படக்காரரோ தம் கருவி சொன்ன உண்மையைத் தாமே பழுது என்று எழுதி வைத்திருக்கிறார் என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீங்க மட்டத்த நம்பியிருந்தா என் கட்சிக்காரருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும், இல்லையா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கும்."

"எல்லாரும் உயிரோட இருந்திருப்பாங்க, இல்லையா?"

"இருந்திருப்பாங்க."

மனுவைப் பற்றி உரிமையாளர் தம்மிடம் மறைத்ததை அண்ணன் சொல்லத் தொடங்கியபோது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அறிக்கையின் முடிவு, குழி தோண்டியதும் அடித்தளம் ஆழம் போதாததும் காரணங்கள் என்கிறது. உரிமையாளர் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டதாகவும், அவருக்குக் கிடைத்த சான்று தவறானது என்றும் ஒரு பத்தி உள்ளது. அவர் வீட்டுக்குப் போனார். அண்ணனுக்கும் தண்டனை எதுவும் இல்லை. குறிப்பேடு திரும்பி வரவில்லை. நெகட்டிவ் மட்டும் ஓர் ஆண்டு கழித்து உறையில் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தெருவில் நடக்கும்போது கட்டடங்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். ரசமட்டம் சார் என்று யாராவது வாய் தவறி அழைத்துவிட்டால் நின்று, "சொல்லுங்க" என்பார்.

மூன்றாம் ஆண்டில் தையற்காரப் பெண்மணியின் மகள் வீட்டுக்கு வந்தாள். ஒரு ஞாயிறு, காலை பதினொரு மணி இருக்கும். நான் அன்று பதிவேட்டுக்காகச் சில தேதிகளைக் கேட்கப் போயிருந்தேன். அண்ணி நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்கமேல கோபம் இல்லைன்னு சொல்ல வரல," என்றாள் அண்ணனிடம். "எங்க வீட்டோட படம் உலகத்துல உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அதான் வந்தேன். எங்க அம்மா கை அதுல தெரியுதாம். விசாரணைல சொன்னாங்க."

"தெரியும்மா. ஓரத்துல."

"அது வேணும்."

நாளை வரச் சொல்லலாம் என்று அண்ணி கண் காட்டினார். அண்ணன் எழுந்து இருட்டறைக்குள் போனார். மூன்று ஆண்டாகத் திறக்காத அறை. மருந்துகளைக் கலக்கவே வெகு நேரம் ஆயிற்று. அவள் அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். அக்கா ஒருமுறை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் ஒரே மாடிப்படியில் ஆறு ஆண்டு ஏறி இறங்கியவர்கள்.

அண்ணன் ஈரப் படத்தைத் தட்டில் வைத்து எடுத்து வந்தார். நெகட்டிவை முழுதாக, ஓரம் வெட்டாமல், கயிறு நேராக வரும்படி திருப்பி அச்சிட்டிருந்தார். இரண்டாம் மாடிக் கைப்பிடிக்கு மேலே ஒரு கை, மணிக்கட்டு வரை, கயிற்றைப் பிடித்திருந்தது. வளையல் தெரிந்தது. அவள் குனிந்து அந்தக் கையை வெகு நேரம் பார்த்தாள். பிறகுதான் மற்றதைப் பார்த்தாள்.

"இது என்ன, வீடு இப்படிச் சாஞ்சிருக்கு?"

"அப்படித்தாம்மா இருந்துச்சு. இதுதான் சரியான படம்."

"இது எங்க வீடு இல்ல."

"அம்மா…"

"சாஞ்சிருந்ததுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு அடியிலேருந்துதான் ரெண்டு பேரையும் எடுத்தோம். நான் பொறந்த வருஷத்துலேருந்து அம்மா தச்சுத் தச்சுச் சேத்த காசுல புடிச்ச வீடு. நாங்க இருந்தப்ப எங்களுக்கு அது நேராத்தான் இருந்துச்சு. மாடிப்படில மாட்டியிருந்த அந்தப் படம் கொடுங்க. அம்மா கையோட."

அண்ணன் தட்டைப் பிடித்தபடி நின்றார். முடியாது என்று அவர் சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அக்கா கதவோரத்திலிருந்து, "போட்டுக் கொடு," என்றார்.

அவர் மறுபடி உள்ளே போனார். இரண்டாவது படத்தில் வீடு நேராக நின்றது. கையும் கயிறும் கூடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. காய்ந்ததும் அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதினார்: "படமெடுக்கும்போது கேமரா சாய்ந்திருந்தது. வீடும்." தேதியிட்டுக் கையெழுத்திட்டார். மடங்காத விரலோடு எழுதியதால் எழுத்து கோணலாக வந்தது. அவள் வாங்கி, திருப்பிப் பார்க்காமல், கொண்டு வந்திருந்த அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டினாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. படியிறங்கிப் போனாள்.

அண்ணன் அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். வேறு படம் எதுவும் அச்சிடவில்லை. முதலில் அச்சிட்ட படத்தை அன்று மாலை என்னிடம் கொடுத்தார். அதை அவருடைய பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் என் தந்தை எழுதியதை மாற்றவில்லை.